மக்களவை எழுத்துமூலக் கேள்வி சேவை: கொங்குத் தொழில்களுக்கு எவ்வளவு உதவும்?

பனியன் கம்பெனி, விசைத்தறி, கொப்பரைக் களம், மஞ்சள் மண்டி, கோழிப் பண்ணை என்று எதை எடுத்தாலும், டெல்லியில் எடுத்த முடிவு ஒன்றின் விவரம் தேவைப்பட்டால் நம் பக்கத்துச் சங்கங்கள் முதலில் செய்வது அமைச்சருக்கு மனு எழுதுவதுதான். மனுவுக்கு எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர் எழுத்தில் கேட்டு, ஏற்கப்பட்டு, பட்டியலில் அச்சான கேள்வி அப்படியல்ல. குறித்த தேதியில் அமைச்சர் அவையில் பதில் வைத்தாக வேண்டும். அந்தப் பதில் பொது ஆவணமாகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் நாடாளுமன்றத்தின் சன்சத்.இன் தளத்தில் இறக்கிப் படிக்கலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் தொழிலும் விவசாயமும் பார்ப்பவர்களுக்கு இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படும் என்று பார்ப்போம். தரவு கிடைப்பதில் நல்ல சேவை. தேடும் வசதி சுமார்தான். தமிழில் இல்லாதது பெரிய குறை. ஏமாற்றம் வருகிற இடங்களில் பாதிக்கு மேல் கேள்வியை எழுதிய விதத்தாலேயே வருகிறது, அதை நாமே சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் அளவு. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, நட்சத்திரம் இல்லாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. ஆக இரண்டு அவைகளும் நடக்கும் ஒரு நாளில் 425 கேள்விகளுக்கு இடம் உண்டு. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்தில் மட்டுமே பதில். ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். பட்டியலில் முதல் சில கேள்விகளைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும், மீதிக்கு எழுத்துமூலப் பதில்தான். டிவியில் பேர் வரவேண்டும் என்றால் நட்சத்திரம் வேண்டும். கணக்கு வேண்டும், மாவட்டவாரி அட்டவணை வேண்டும் என்றால் நட்சத்திரம் இல்லாத கேள்வியே நமக்கு உகந்தது. சங்கங்கள் பலவும் உறுப்பினரிடம் “நட்சத்திரக் கேள்வியாகவே போடுங்க” என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை.

இந்த உரிமை லேசில் வந்ததும் அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1892 இந்தியக் கவுன்சில் சட்டம்தான் அன்றைய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு முதன்முதலில் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது, துணைக் கேள்வி கேட்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1933-34இல் மத்திய சட்டசபையின் தலைவர் நாற்காலியில் அமர்ந்து கேள்வி நேரத்தை நடத்தியவர் நம் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

தளத்தைப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். மக்களவைப் பகுதியில் கேள்விகள் என்ற இடத்துக்குப் போனால் எத்தனையாவது மக்களவை, எந்தக் கூட்டத்தொடர், அமைச்சகம், உறுப்பினர், கேள்வி வகை என்று வடிகட்டலாம். முடிவுப் பட்டியலில் கேள்வி எண், வகை, தேதி, அமைச்சகம், உறுப்பினர்கள், தலைப்பு வரும். பக்கத்தில் ஆங்கில, இந்தி பிடிஎஃப். கோப்புப் பெயர் ஏயூ என்று தொடங்கினால் நட்சத்திரம் இல்லாதது, ஏஎஸ் என்றால் நட்சத்திரம். 17ஆம் மக்களவைக் கோப்புகளின் முகவரியில் 1712 என்று இருந்தால் 17ஆம் மக்களவையின் 12ஆம் கூட்டத்தொடர் என்று பொருள்.

கேள்வி எண்ணை மட்டும் குறித்து வைப்பது வீண். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும், இரண்டு அவைகளுக்கும் தனித்தனி வரிசை. “கேள்வி எண் 1450இல் அமைச்சரே சொல்லியிருக்கிறார்” என்று மனுவில் எழுதினால் அந்தப் பதிலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவை, வகை, எண், தேதி நான்கும் சேர்ந்தால்தான் மேற்கோள் நிற்கும்.

தேடும்போது நம் ஊர்ப் பெயர்களை நம்ப வேண்டாம். தலைப்பு மூன்று நான்கு சொற்களில் பொதுவாக இருக்கும். சோமனூர், பல்லடம், சென்னிமலை என்று தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். விசைத்தறித் துறை என்பதன் ஆங்கிலத் தலைப்பில் தேடி, அமைச்சகத்தையும் ஆண்டையும் குறுக்கி, பதிலுக்குள் போய் ஊரைத் தேடுவதே சரி. திருப்பூரை ஆங்கிலத்தில் ஒற்றை ‘பி’ போட்டும் இரட்டை ‘பி’ போட்டும் எழுதுகிறார்கள். விசைத்தறி என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள். எல்லா வடிவத்திலும் தேட வேண்டும். பதிலோடு வரும் இணைப்பு அட்டவணை படமாக ஸ்கேன் ஆகியிருந்தால் பிடிஎஃபுக்குள் தேடலும் வேலை செய்யாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் விஷயத்தில் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. சாயப்பட்டறை மேஸ்திரிக்கும் தென்னை விவசாயிக்கும் தங்கள் பணத்தைப் பற்றி அமைச்சர் தந்த பதில், அவர்கள் படிக்கும் மொழியில் கிடைப்பதில்லை. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் சென்னைப் பிரிவு சில பதில்களைத் தமிழில் செய்திக்குறிப்பாக வெளியிடுகிறது, “மக்களவையில் எழுத்துப்பூர்வமாக அளித்த பதிலில் தெரிவித்தார்” என்று முடியுமே, அதுதான். அது அமைச்சகம் சொல்ல விரும்பியவற்றின் தொகுப்பு, பெரும்பாலும் அட்டவணை இருக்காது. செய்திக்குறிப்பைப் படித்துவிட்டு மூலப் பதிலைத் திறக்காமல் விடுவது பெரிய தவறு.

அடுத்தது அமைச்சகம். கொங்குப் பகுதிச் சங்கங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பொள்ளாச்சித் தேங்காய் ஒன்றுதான், ஆனால் தென்னை வளர்ச்சி வாரியமும் கொப்பரைக் கொள்முதலும் வேளாண் அமைச்சகம், கயிறு வாரியம் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம், ஏற்றுமதி என்றால் வர்த்தக அமைச்சகம். தென்னைநார் ஆலைக்கான மானியத்தை வேளாண் அமைச்சகத்திடம் கேட்டால் பதில் வெறுமையாகத்தான் வரும். மஞ்சளை வேளாண்மை என்று நினைக்கிறோம். சாகுபடிப் பரப்பு அங்கேதான், ஆனால் நறுமணப் பொருள் வாரியமும், 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தொடங்கிய தேசிய மஞ்சள் வாரியமும் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் பலன் என்ன என்று கேட்கவும் வர்த்தகம்தான்.

நாமக்கல் முட்டைக்கு உற்பத்தி, நோய் என்றால் கால்நடை பராமரிப்பு அமைச்சகம். வெளிநாட்டுக்குப் போவது வர்த்தகம். மத்திய அரசின் பள்ளி உணவுத் திட்ட நிதி கல்வி. இஎஸ்ஐ மருத்துவமனை சுகாதாரத் துறையில் இல்லை, தொழிலாளர் அமைச்சகத்தில் இருக்கிறது. திருப்பூர் தொழிலாளர்கள் சார்பில் எழுதும் மனுக்களில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. பஞ்சு இறக்குமதி வரி ஜவுளி அமைச்சகம் போடுவதல்ல. 2021 பட்ஜெட்டில் அந்த 11 சதவீதத்தை விதித்ததும், 2022 ஏப்ரல் நடுவிலும் 2025 ஆகஸ்டிலும் தற்காலிகமாக விலக்கு தந்ததும் நிதி அமைச்சகத்தின் அறிவிக்கைகள். ஜவுளியிடம் கேட்டால் துறையினரோடு பேசி வருகிறோம் என்ற அளவில் நிற்கும். நிதியிடம் கேட்டால் எந்தத் தேதி, எந்த அறிவிக்கை, எவ்வளவு வருவாய் விட்டுக்கொடுத்தது என்று வாங்கலாம். ஜிஎஸ்டி விகிதம் பற்றிய கேள்விக்கு மட்டும் நிதி அமைச்சகம் “ஜிஎஸ்டி மன்றத்தின் பரிந்துரைப்படி” என்று முடித்துவிடும். அங்கே விகிதத்தைக் கேட்காமல், ரீஃபண்டு நிலுவையைக் கேட்பது புத்திசாலித்தனம்.

ரயில்வே பதில்கள் மாவட்டக் கணக்கில் வருவதில்லை, மண்டலமும் கோட்டமும்தான். 2007இல் உருவான சேலம் கோட்டத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு வரும். பொள்ளாச்சி பாலக்காடு கோட்டம். கோவை மாவட்டத்து நிலையங்கள் என்று கேட்டால் பாதி விடுபடும். கேள்வியிலேயே இரண்டு கோட்டங்களின் பெயரையும் எழுத வேண்டும்.

தவறான அமைச்சகத்துக்குப் போன நோட்டீஸ் (கேள்விக்காக உறுப்பினர் முன்கூட்டியே எழுதித் தருவது) சில சமயம் சரியான இடத்துக்கு மாற்றப்படும். ஆனால் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் என்பதால் தேதியும் மாறிப்போகும், தொடர் முடியும் தறுவாயில் வாய்ப்பே போய்விடும்.

மாநிலப் பொருளை டெல்லியில் கேட்டு ஏமாறுவதும் நிறைய நடக்கிறது. விசைத்தறிக்கான 1000 யூனிட் இலவச மின்சாரம், சோமனூர், பல்லடம் கூலி ஒப்பந்தம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சாய ஆலைக்குத் தரும் இசைவாணை இவையெல்லாம் சென்னைக்கு உரியவை, நம் சட்டமன்ற உறுப்பினர் வழியாகப் போக வேண்டும். அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தைப் பற்றி ஜல்சக்தி அமைச்சகத்திடம் கேட்டால் தண்ணீர் மாநிலப் பொருள் என்ற முதல் வரி உறுதி. நொய்யல் ஆற்று மாசு விஷயம் மாநிலம், மத்தி இரண்டு பக்கமும் படும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எந்த இடங்களில் நீர் மாதிரி எடுத்தது, ஆண்டுவாரியாக அளவு என்ன, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய நிதி எவ்வளவு விடுவித்தது என்று கேட்டால் மத்திய அரசு தப்ப முடியாது. “மாசுபட்ட ஆறுகளைச் சீராக்க நடவடிக்கை என்ன” என்று பொதுவாகக் கேட்டால் நாடு முழுவதற்குமான ஒரே பத்தி எல்லாருக்கும் வரும்.

கேள்வி எழுதும் முறைக்கு விதிகள் கறாரானவை. 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், குற்றச்சாட்டு, அடைமொழி கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. சாய ஆலைகள் தொடர்பான கேள்விகள் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எளிதாகக் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பதைக் கேட்டாலும் ஏற்கப்படாது. நோட்டீஸ் 15 முழு நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். இடத்தைவிட நோட்டீஸ்கள் அதிகம் என்பதால் குலுக்கல் உண்டு. ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகள்தான் பட்டியலில் ஏறும், அதில் நட்சத்திரம் ஒன்றுதான். ஆகவே ஒரே உறுப்பினரை நம்பியிருக்காமல் மக்களவையில் இருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்று கொடுத்து வைப்பது நல்லது. கூட்டத்தொடர் தேதி அறிவித்ததும் எந்த அமைச்சகத்துக்கு எந்த நாள், நோட்டீஸுக்குக் கடைசி நாள் எது என்ற அட்டவணை வந்துவிடும். தொடர் தொடங்கிய பிறகு உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனால் முதல் இரண்டு வாரம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும்.

கோவை ஜாப் ஒர்க் பட்டறைகளின் பெரிய வலியான தாமதப் பணத்தை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, சரக்கோ வேலையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தராவிட்டால் இத்தகைய பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் வசதி மன்றத்தில் மனு போடலாம் (அதற்கான சமாதான் இணையதளம் 2017இல் வந்தது), மன்றம் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். “சிறு தொழில்களுக்குப் பணம் தாமதமாவது அரசுக்குத் தெரியுமா, தெரியுமென்றால் நடவடிக்கை என்ன?” என்று கேட்டால் திட்டங்களின் பெயர்ப் பட்டியல் வரும், அவ்வளவுதான். மொத்த மனுக்கள் எத்தனை என்று கேட்டால் அது சமாதான் தளத்திலேயே இருக்கிறது என்று தள்ளிவிடலாம். இப்படி எழுதலாம்:

“(அ) கோயம்புத்தூர் வசதி மன்றத்தில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஏற்கப்பட்ட மனுக்களில் 90 நாள் கெடுவுக்குள் முடிந்தவை, கெடு தாண்டி முடிந்தவை, நிலுவையில் உள்ளவை எத்தனை, (ஆ) நிலுவை மனுக்களில் அடங்கிய தொகை எவ்வளவு, அதில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தர வேண்டியது எவ்வளவு, (இ) மன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகும் வசூலாகாத தொகை எவ்வளவு, (ஈ) கெடு மீறலுக்கு அரசு கண்டறிந்த காரணங்கள் யாவை?”

ஒவ்வொரு உட்பிரிவும் ஓர் எண்ணையோ பட்டியலையோ கேட்கிறது, “உண்டா இல்லையா” என்று எதுவும் இல்லை. மன்றங்களை அமைப்பது மாநில அரசு என்பதால் சில எண்கள் மாநிலத்திடமிருந்து வர வேண்டும் என்ற பதில் வரலாம். ஆனாலும் (ஆ)வின் இரண்டாம் பாதியில் கேட்டிருப்பது மத்திய நிறுவனங்கள் தர வேண்டிய பாக்கி, அதை மாநிலத்தின் தலையில் கட்ட முடியாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கேள்வியில் மாவட்டம், ஆண்டு, தொகை இல்லையென்றால் பதிலிலும் இருக்காது.

நிதி பற்றிக் கேட்கும்போது ஒதுக்கியது, விடுவித்தது, செலவானது மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதில்களில் மிகப் பெரிய எண்ணே முன்னால் நிற்கும். 2016 முதல் 2022 மார்ச் வரை ஓடிய, ஜவுளித் துறைக்கான திருத்திய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் நல்ல உதாரணம். விண்ணப்பத்துக்கு யுஐடி என்ற அடையாள எண் கிடைத்தவர்கள் ஒரு எண், கூட்டு ஆய்வு முடிந்தவர்கள் வேறு எண், மானியம் கணக்கில் ஏறியவர்கள் வேறு எண். “பயனடைந்த நிறுவனங்கள் எத்தனை” என்று கேட்டால் இவற்றில் எது வரும் என்று சொல்ல முடியாது. திட்டம் முடிந்த பின்னும் பாக்கி நிற்கிறதா என்பதற்கு “ஆய்வு முடிந்து மானியம் விடுவிக்கப்படாத விண்ணப்பங்கள், தொகை, மாவட்டவாரியாக” என்று கேட்பதுதான் வழி.

பதிலைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். “(அ) முதல் (ஈ) வரை” என்று சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருந்தால் உடனே பேனாவை எடுத்து எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை என்று குறியுங்கள், விடுபட்டது பெரும்பாலும் கடைசிப் பிரிவாக இருக்கும். “கேள்வி எழவில்லை” என்று வந்தால் முந்தைய பிரிவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், பிழை கேள்வியின் அமைப்பில் இருக்கிறது. “இத்தகைய தரவு மத்தியில் பராமரிக்கப்படுவதில்லை” என்ற பதிலையும் தூக்கி எறிய வேண்டாம், அரசிடம் கணக்கில்லை என்பதற்கு அதுவே அதிகாரபூர்வச் சான்று. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு 2020 செப்டம்பரில் தொழிலாளர் அமைச்சகம் தரவு இல்லை என்றது. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது, எழுத்துமூலப் பதில்கள் மட்டும்தான் வந்தன. தரவு இல்லை என்ற அந்த ஒரு வரி நாடெங்கும் பேசப்பட்டது. வெளிமாநிலத் தொழிலாளர் உழைப்பில் ஓடும் திருப்பூருக்கு அதைவிட முக்கியமான பதில் அந்த ஆண்டில் இல்லை.

“தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்” என்ற பதில்தான் சங்கங்களைச் சோர வைப்பது. சோரத் தேவையில்லை, அது அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், நிறைவேற்றுகிறார்களா என்று பார்க்க 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கெடு நீட்டிப்பு கேட்பதும் உண்டு, ஆண்டுக்கணக்கில் இழுபடுவதும் உண்டு. இந்தச் சேவையின் பலவீனமான கண்ணி இதுதான். உறுதிமொழி நிறைவேறிய பின் வரும் தகவல் பழைய கேள்வியின் பக்கத்திலேயே தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது, தனியாகத் தேட வேண்டும். சங்கச் செயலாளர் நாட்குறிப்பில் பதில் தேதியிலிருந்து மூன்று மாதம் தள்ளி ஒரு குறிப்புப் போட்டு, அன்றைக்கு உறுப்பினர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது பலன் தரும்.

பதிலில் தவறான எண் இருந்தால் சபாநாயகரின் வழிகாட்டு விதி 115இன் கீழ் உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டலாம். அமைச்சர் திருத்த அறிக்கை வைக்கவும் வழி உண்டு. கையில் ஆதாரம் இருந்தால் மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 10 ரூபாய்க் கட்டணத்தில், 30 நாளில், உங்கள் கோப்பின் நகல் வேண்டும் என்றால் தகவல் உரிமைதான் சரி, அதற்கு உறுப்பினர் தயவும் வேண்டாம். ஆனால் அலுவலகத்தில் இல்லாத தொகுப்பை உருவாக்கித் தரச் சொல்ல அந்தச் சட்டம் இடம் தராது. பல அலுவலகங்களிலிருந்து எண்களைத் திரட்டி, அமைச்சர் பொறுப்பில் ஒரே தாளில் வைக்கச் செய்வது கேள்வியால்தான் ஆகும். இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதே உத்தமம்: கேள்வியில் மாவட்டவாரி எண், பிறகு அந்த எண்ணை மேற்கோள் காட்டி மண்டல அலுவலகத்தில் தகவல் மனு.

கேள்வி கேட்க வைப்பதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை, தரவும் கூடாது. கேள்விக்குப் பணம் வாங்கிய குற்றச்சாட்டில் 2005 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். இடைத்தரகர் யாராவது வந்தால் அந்த ஆண்டை நினைவுபடுத்தினால் போதும்.

உறுப்பினர்களை அவர்கள் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரே பொதுக் கேள்வியில் பலர் பெயர் சேர்ந்து வரும், எண்ணிக்கை ஏறும், மாவட்டத்துக்கு ஒரு வரி கூடக் கிடைக்காது. நம் தொகுதி உறுப்பினர் பெயரில் வடிகட்டி, கடைசி இரண்டு தொடர்களின் கேள்விகளைத் திறந்து, எத்தனை இணைப்பு அட்டவணைகளில் நம் மாவட்டத்தின் எண் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் அவரைக் குறை சொல்லும் முன், எண் கேட்கும் நான்கு உட்பிரிவுகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அமைச்சகத்தின் சரியான பெயரோடு, தொடர் அறிவித்த வாரத்திலேயே அவர் அலுவலகத்தில் கொடுங்கள். பதில் வந்ததும் இணைப்பு அட்டவணையோடு சேர்த்து பிடிஎஃபை இறக்கிச் சங்கக் கணினியில் தேதி போட்டுச் சேமித்துவிடுங்கள். பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்கு மாறியபோது பழைய இணைய முகவரிகள் பல வேலை செய்யாமல் போயின.